விட்டுப்போன படி: இடம்பெயர்ந்த பிள்ளையும் கணக்குப் பாடமும்

ஒரு விவசாயக் குடும்பம் ஊர்விட்டு ஊர் போகும்போது எவற்றை எடுத்துச் செல்கிறது, எவற்றை விட்டுச் செல்கிறது என்பதை எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டி பானையும் மண்வெட்டியும் விதை மூட்டையும் கூடவே வரும். கிணறும் காய்க்கத் தொடங்கிய மரமும் பின்னால் நின்றுவிடும். இவற்றின் பெறுமதியை எவரும் கணக்கிட்டுச் சொல்லலாம். ஆனால் எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. இரண்டு மாதமோ மூன்று மாதமோ பாடசாலை இல்லாமல் இருந்த பிள்ளைக்கு இடையில் விட்டுப்போன கணக்குப் பாடமே அது.

மாத்தளை மாவட்டத்தில் இடப்பெயர்வு புதிய செய்தியல்ல. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இருந்த இடத்திலிருந்து பெயர்த்தன. 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகவும் அதனோடு சேர்ந்த களுகங்கைத் திட்டத்துக்காகவும் இம்மாவட்டத்தின் பழைய வயற் கிராமங்கள் சில நீருக்கு வழிவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகள் இன்னும் பல குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்கச் செய்தன. காரணம் எதுவாயினும் பிள்ளை புதிய பாடசாலையின் கடைசி வாங்கில் போய் உட்கார்வது மட்டும் மாறுவதில்லை.

அக்கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோடு ஒரு வருடம் வேலை செய்த அனுபவத்திலிருந்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் ஏன் அங்கு சென்றோம்?

தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடத்தப்பட்டு வந்தவை. தமிழ்மொழி மூல ஆசிரியர்களை உருவாக்குவதில் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பத்தனை ஸ்ரீ பாத கல்லூரிக்கு மலையகத்தில் தனி இடம் உண்டு. இக்கல்லூரிகளின் மூன்று வருடப் பயிற்சியில் இரண்டு வருடம் கல்லூரிக்குள் கழியும். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு ஆசிரியராக வேலை பழக வேண்டும். அவ்வாறு பழகச் சென்ற நாம், மாத்தளை மலைப்பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றில் நான்காம் தர வகுப்பாசிரியைக்கு உதவியாக விடப்பட்டோம்.

வகுப்பாசிரியை முதல் நாளே எமக்கு ஒன்பது பிள்ளைகளைக் காட்டினார். "இவர்கள் வாசிப்பார்கள், பாடுவார்கள், எல்லாம் செய்வார்கள். கணக்குக் கொப்பியை எடுக்கச் சொன்னால் மட்டும் தலை குனிந்துவிடும். கொஞ்சம் கூடவே இருந்து பாருங்கள்" என்றார். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இடையில் வேறு பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

அதே வாரத்தில் தகப்பன் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். மரக்கறித் தோட்டம் செய்தவர். இப்போது பிறர் காணியில் கூலிக்குப் போகிறவர். "டீச்சர், இவனுக்குக் கணக்கு ஏறாதுங்க. எங்க அப்பாவுக்கும் ஏறல, எனக்கும் ஏறல. அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டிட்டு என்னோட கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்கிறேன்" என்றார். அவர் கோபமாகவும் பேசவில்லை, வெறுப்பாகவும் பேசவில்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவராகவே பேசினார். அந்த முடிவு சரியா என்பதே எம் முன் நின்ற கேள்வி.

கணக்கு ஓர் ஏணி

ஏனைய பாடங்களில் விட்டுப்போன பகுதியைப் பிறகு பிடித்துவிடலாம். மழையைப் பற்றிய பாடத்துக்கு வராத பிள்ளை பறவைகளைப் பற்றிய பாடத்தைப் படிக்கத் தடையில்லை. கணக்கு அப்படியல்ல. அது ஏணி போன்றது. பத்துப் பத்தாகக் கட்டி எண்ணத் தெரியாத பிள்ளைக்கு இரண்டு இலக்க எண் விளங்காது. அது விளங்காவிட்டால் கழித்தல் வராது. கழித்தல் வராதவனுக்கு வகுத்தல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதாகவே இருக்கும்.

இரண்டாம் தரத்தில் இரண்டு மாதம் பாடசாலை போகாத பிள்ளை நான்காம் தரத்தில் தடுமாறுவது இதனாலேயே. உடைந்த படி கீழே இருக்கிறது. ஆனால் நாமெல்லாம் பிள்ளை இப்போது நிற்கும் படியையே பார்த்து "இவனுக்கு ஏறாது" என்கிறோம். எனவே அந்த ஒன்பது பிள்ளைகளோடும் நாம் செய்த முதல் வேலை, எந்தப் படி உடைந்திருக்கிறது என்று தேடியதே.

பிழைக்கும் ஒரு காரணம் உண்டு

கொப்பியில் சிவப்புக் கோடு போடுவது சுலபம். பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்று கேட்பதற்குத்தான் நேரம் வேண்டும். நாம் கேட்டோம்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஆறு பிள்ளைகள் 35 என்று எழுதினார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதல்ல. வேறு வேறு நாட்களில் தனித்தனியே கேட்டபோதும் அதே விடைதான். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "ரெண்டுலேருந்து ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுலேருந்து ரெண்ட எடுத்தேன், அஞ்சு" என்றாள் ஒரு சிறுமி. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஆக 35. பெரியதிலிருந்து சிறியதை எடுக்க வேண்டும் என்று எப்போதோ கேட்ட விதியை அவள் அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். விடை பிழை. ஆனால் கவனயீனத்தால் வந்த பிழையல்ல, யோசித்துச் செய்த பிழை.

இது மாத்தளைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தற் கணக்குகளை ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிள்ளைகளின் பிழைகளிற் பல குருட்டுப் பிழைகள் அல்ல, ஏதோவொரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று அவர்கள் காட்டினர். அப்படியானால் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் பிள்ளை தவறான விதியையே இருபது தடவை பழகும். முதலில் விதியைத் திருத்த வேண்டும்.

எண்ணின் பெயரும் எழுத்தும்

இன்னொரு தடங்கல் எமது மொழியோடு சேர்ந்தது. "நூற்று ஐந்து எழுதுங்கள்" என்றால் சில பிள்ளைகள் 1005 என்று எழுதினார்கள். "ஐந்நூற்று மூன்று" 5003 ஆயிற்று. காதில் விழுந்ததை அவர்கள் அப்படியே எழுதுகிறார்கள். முதலில் நூறு, பிறகு ஐந்து.

பழைய தமிழ் எழுத்தெண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. 503ஐ ௫௱௩ என்று எழுதினர். அதாவது ஐந்து, நூறு, மூன்று. எமது பிள்ளைகள் எழுதியதும் ஏறத்தாழ அந்த முறையே. இன்றைய எண்முறையில் நூறுக்குத் தனிக் குறி கிடையாது. ஓர் இலக்கம் நிற்கும் இடமே அதன் பெறுமதியைச் சொல்கிறது. வெற்றிடத்தைக் காட்டவே பூச்சியம் நிற்கிறது. இதைத்தான் பாடசாலையில் இடப்பெறுமானம் என்கிறோம்.

தொண்ணூறு, தொள்ளாயிரம் என்ற சொற்களும் பிள்ளையை மருட்டும். எண்பது வரை 'பது' என்று முடிந்த பெயர், தொண்ணூறில் திடீரென்று 'நூறு' ஆகிறது. தொண்ணூற்றெட்டில் நூறு எங்கே என்று பிள்ளை தேடினால் அதில் அதிசயமில்லை. இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீர்கிறது.

ஈர்க்குக் கட்டும் கழித்தலும்

எமது வகுப்புக்கு விலைகொடுத்து வாங்கிய உபகரணம் எதுவும் தேவைப்படவில்லை. தென்னோலை ஈர்க்கைச் சம அளவாக ஒடித்துப் பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டினோம். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. பிள்ளைகளே எண்ண வேண்டும், பிள்ளைகளே கட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் கொப்பியைத் திறக்கவே இல்லை.

பிறகு 52இலிருந்து 27ஐ எடுக்கச் சொன்னோம். மேசையில் ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் இருந்தன. ஏழு ஈர்க்கு வேண்டும், இருப்பதோ இரண்டு. சற்று நேரம் யோசித்த ஒரு பையன் ஒரு கட்டின் நாரை அவிழ்த்தான். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு தனி ஈர்க்கு. ஏழை எடுத்தால் மீதி ஐந்து. நான்கு கட்டில் இரண்டை எடுத்தால் மீதி இரண்டு. விடை 25. சரிபார்க்க 27ஐயும் 25ஐயும் மீண்டும் ஒன்றாகக் குவித்தார்கள். 52 வந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். இம்முறையை "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுப்பதே வழக்கம். "வாங்கின கடன எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கடைப் பற்றிலும் முற்பணத்திலும் வாழும் வீட்டுப் பிள்ளை அல்லவா! கேள்வி நியாயமானதே. கழித்தலில் எவரும் கடன் வாங்குவதில்லை. உள்ள கட்டை அவிழ்க்கிறோம், அவ்வளவுதான். ஆகவே எமது வகுப்பில் "கட்டை அவிழ்" என்றே சொன்னோம். பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை ஒரு ரூபாய்க் குற்றிகளாக மாற்றுவதும், நூறு ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய்க் குற்றிகளாக மாற்றுவதும் இதே வேலைதான்.

ஈர்க்கைத் தொட்டுச் செய்த கணக்கை அடுத்ததாகப் படமாக வரைந்தார்கள். கட்டுக்கு ஒரு நீண்ட கோடு, தனி ஈர்க்குக்கு ஒரு புள்ளி. அதன் பின்னரே இலக்கத்தில் எழுதினார்கள். கையிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து எழுத்துக்கும் போகும் இந்த ஒழுங்கை அவசரப்பட்டு மாற்றக்கூடாது என்பது எமது அனுபவம்.

சந்தையில் தெரிந்தது கொப்பியில் ஏன் தெரியவில்லை?

"கணக்கு ஏறாது" என்று தகப்பன் சொன்ன அதே பையனிடம் ஒரு நாள் கேட்டோம். போஞ்சி ஒரு கிலோ 240 ரூபாய் என்றால் முக்கால் கிலோ எவ்வளவு? "அரைக் கிலோ நூத்தி இருவது, காக்கிலோ அறுவது, நூத்தி எம்பது" என்றான். ஐந்நூறு ரூபாய் தந்தால் மீதி? "இருநூறுக்கு இருவது, பொறகு முந்நூறு. முந்நூத்தி இருவது." ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை. அவனே 500இலிருந்து 180ஐக் கழி என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தபோது 480 என்று எழுதினான்.

தம்புள்ளையில் மரக்கறி விற்கத் தகப்பனோடு போய்வந்த பிள்ளை அவன். விலையைச் சிங்களத்திலும் கேட்பான், தமிழிலும் சொல்வான். மனக்கணக்கில் அவனிடம் குறையே இல்லை.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து, கராஹர் தம்பதியரும் ஷ்லீமானும் 1985இல் இதையே எழுதினர். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 வீதத்தை அப்பிள்ளைகள் சரியாகச் செய்தனர். அதேபோன்ற கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதமே சரியாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது, பிள்ளையின் தலையில் கணக்கு இருக்கிறது, கொப்பிக்கு வரும் பாதைதான் அடைபட்டிருக்கிறது என்பதே.

அவனுக்கு நாம் செய்ததும் அதுதான். வாயால் சொன்ன அதே மீதிக் கணக்கைத் தாள்களையும் குற்றிகளையும் வைத்துச் செய்யச் சொன்னோம். பிறகு செய்ததை எழுதச் சொன்னோம். 480 என்று எழுதிய கொப்பியைக் காட்டியபோது, "ஐந்நூறு குடுத்து நூத்தி எம்பதுக்கு வாங்கினா நானூத்தி எம்பது மீதி வருமா? கடக்காரர் சும்மா குடுப்பாரா?" என்று அவனே சிரித்தான். எழுதிய விடை நடக்கக்கூடியதா என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தரத்துக்கு அல்ல, நிலைக்கு

ஒன்பது பிள்ளைகளும் ஒரே இடத்தில் இடறவில்லை. மூவருக்கு நூறு வரை எண்ணுவதே தடுமாற்றம். நால்வருக்குக் கழித்தல். இருவருக்குப் பெருக்கல் மட்டும். ஆகவே மூன்று சிறு குழுக்களாக உட்கார வைத்து, நாள்தோறும் முக்கால் மணிநேரம் அவரவர் நிலையிலிருந்து தொடங்கினோம்.

இது நாம் கண்டுபிடித்த முறையன்று. இந்தியாவில் மும்பாயிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற நிறுவனம் நடத்திய வேலையை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். அவ்வூர்களிலேயே படித்த இளம் பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகச் சேர்த்து நாளுக்கு இரண்டு மணிநேரம் அடிப்படைகளைக் கற்பித்தனர். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினர். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கப்பட்டனர். நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போனதை மீட்பதே அதன் நோக்கம். இடப்பெயர்வால் விட்டுப்போனதற்கும் இதே மருந்து பொருந்தும்.

இரண்டு தவணை முடிவில் எமது ஒன்பது பேரில் ஏழு பேர் மூன்று இலக்கக் கழித்தலைத் தடையின்றிச் செய்தனர். 503இலிருந்து 168ஐ எடுத்து 335 என்று எழுதி, கூட்டிச் சரிபார்க்கவும் பழகினர். இருவருக்கு இன்னும் காலம் வேண்டும். வகுத்தல் எல்லோருக்கும் கடினமாகவே இருக்கிறது. மந்திரம் எதுவும் நடக்கவில்லை. உடைந்த படி கட்டப்பட்டது, அவ்வளவே.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் கணக்குக்கு உதவலாம். அதற்கு வேண்டியவை உங்கள் வீட்டிலேயே உள்ளன.

1. எதையும் பத்துப் பத்தாக எண்ணச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, பாக்கு, மிளகாய்க் கன்று எதுவும் ஆகும். மொத்தம் எத்தனை பத்து, மிச்சம் எத்தனை என்று கேளுங்கள்.

2. கடைக்கு அனுப்பும்போது மீதி எவ்வளவு வரவேண்டும் என்பதைப் போகுமுன் கேளுங்கள். திரும்பி வந்ததும் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பற்றுக் கொப்பியை வாரம் ஒரு முறை பிள்ளையைக் கொண்டு கூட்டிப் பாருங்கள்.

3. அரை, கால், முக்கால், அரைக்கால் என்ற சொற்கள் உங்கள் வாயில் இருக்கின்றன. பாடசாலையில் பின்னம் என்று படிப்பது இதையே. தேங்காய்ப் பாதியிலும் கால் கிலோப் பருப்பிலும் காட்டுங்கள்.

4. காணி அளவைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர், ஆகவே 160 பேர்ச் ஓர் ஏக்கர். உங்களுக்குக் கிடைக்கும் துண்டுக் காணி எத்தனை பேர்ச், அது ஏக்கரில் எத்தனை பங்கு என்று சேர்ந்து பாருங்கள். இது பிள்ளைக்குப் பாடம், உங்களுக்குப் பாதுகாப்பு.

5. விடை பிழைத்தால் அடிக்க வேண்டாம், "உனக்கு ஏறாது" என்று சொல்லவும் வேண்டாம். "எப்படிச் செய்தாய், சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் தாமாகத் திருத்திக் கொள்கின்றனர்.

மீண்டும் இடம்பெயர நேர்ந்தால்

பிள்ளையின் பழைய கொப்பிகளை வீசிவிட வேண்டாம். எதுவரை படித்தது என்பதைப் புதிய ஆசிரியருக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. அவகாசம் இருந்தால் அதிபரிடம் விடுகைப் பத்திரம் பெற்றுக் கொள்ளுங்கள். பத்திரங்கள் வெள்ளத்திலோ மண்ணிலோ போயிருந்தால் அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அண்மையிலுள்ள பாடசாலை அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் நிலைமையைச் சொல்லுங்கள். இந்நாட்டில் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. ஆகவே ஐந்தாம் தரத்தோடு நிறுத்துவது பிள்ளைக்குச் சட்டப்படி உரியதையும் இழக்கச் செய்வதாகும்.

புதிய ஆசிரியரைச் சந்திக்கும்போது, "எங்கள் பிள்ளை இத்தனை மாதம் பாடசாலை போகவில்லை, கணக்கில் எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிர் வாடினால் இலையை மட்டும் பார்க்காமல் வேரையும் தோண்டிப் பார்ப்பது விவசாயிக்குத் தெரிந்ததுதானே.

காணியை ஒருவர் எடுத்துவிடலாம், வீட்டை மண் மூடிவிடலாம். எடை போடுமிடத்திலும், கூலி வாங்குமிடத்திலும், காணி அளக்குமிடத்திலும் ஏமாறாமல் நிற்கும் அறிவை ஒரு பிள்ளையிடமிருந்து எவரும் பறிக்க முடியாது. அதற்கான படி ஒன்று உடைந்திருந்தால், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அதைக் கட்டிக் கொடுப்போம். அதற்கு முதலில் வேண்டியது ஒரு கட்டு ஈர்க்கும், நாளுக்கு அரை மணிநேரமும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் பொறுமையுமே.